உப்புக் கரித்த நாள்

தொழிற்சாலைக் கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கும் மாஸ்டருக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் 'கடல்'. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. இவரு உப்பிட்டதை மறக்கவே முடியலியே!" என்று தண்ணீர்க் குழாயடியில் வரிசையாக நின்று சிரிப்பார்கள். மேனேஜருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"மாசக் கடைசியில நானே வந்து சாப்பிடுவேன் மாஸ்டர். அன்னிக்கும் இப்படியே இருந்தா அடுப்பை வேற ஆளுகிட்ட கொடுத்துடுவேன்."

இருபத்தாறு வருஷக் கைப்பக்குவத்துக்கு வந்த சோதனை! மாஸ்டருக்கு உள்ளூர ஆடிப்போய்விட்டது. ஆனால் ஆண்பிள்ளைக் கோபம் வேறெங்கே இறங்கும்? வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தவர், "உன் சமையல்லதான் உப்பே இல்ல" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"பிள்ளைங்க எல்லாம் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுது. உங்க நாக்குதான் செத்துப்போச்சு. தினம் ரெண்டு பாக்கெட் ஊதினா அது என்ன பண்ணும், பாவம்!"

மறுநாளே டாக்டரம்மாவிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். "சிகரெட்டை விட்டீங்கன்னா கொஞ்ச நாள்லயே நாக்கும் மூக்கும் தேற ஆரம்பிக்கும். போகப்போக இருமலும் மூச்சு வாங்குறதும் குறையும். மாரடைப்பு வர்ற ஆபத்தும் குறையும்." மாரடைப்புக்கு அசையாத மனுஷன் நாக்கு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாருக்கு எங்கே சுடும் என்று யார் கண்டது!

ஒரு நாள் குறித்து, அன்றோடு சிகரெட்டை விட்டார். மெல்லுவதற்கு டாக்டரம்மா நிகோடின் கம் கொடுத்தார். புகைக்கும் கூட்டம் கூடுகிற கேன்டீன் பின்வாசல் பக்கமே போகவில்லை. கை பரபரத்தால், காய் நறுக்கும் அக்கா ஒரு கூடை வெங்காயத்தை முன்னால் தள்ளிவிடுவாள். "பத்து நிமிஷம் உரிங்க மாஸ்டர், ஆசை தானா அடங்கிடும்." அடங்கத்தான் செய்தது. பதினோராம் நாள் மட்டும் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, குற்றவாளி போல டாக்டரம்மா முன் நின்றார். "யானைக்கும் அடி சறுக்கும். எழுந்து நடங்க" என்றார் அவர். நடந்தார்.

மாசக் கடைசி வந்தது. பெரிய அண்டாவில் காய்கறி சூப் கொதித்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கை தன் பழைய கணக்கில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டது. மாஸ்டர் கரண்டியால் எடுத்து ஊதி வாயில் விட்டார். இன்னொரு தடவை ருசி பார்த்தார்.

"கரிக்குது! அக்கா, உப்புக் கரிக்குது!"

சமையல் கெட்டதற்கு இப்படிக் குதிக்கிற சமையல்காரரை அக்கா பார்த்ததே இல்லை. "என்ன மாஸ்டர், சந்தோஷமா சொல்றீங்க?" என்றாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சாப்பாட்டு மணியடிக்க அரை மணி நேரம்தான் இருந்தது. பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார், வெந்நீர் ஊற்றினார், உப்பில்லாமல் வேகவைத்த காய்களைக் கொட்டினார், ஒவ்வொரு கொதி வந்ததும் ருசி பார்த்தார். நாக்கு போதும் என்று சொன்னபோதுதான் அடுப்பை அணைத்தார்.

மேனேஜர் ஒரு கிண்ணம் குடித்தார். இன்னொரு கிண்ணம் வாங்கினார். தண்ணீர்க் குழாயடியில் ஒரு ஆள்கூட இல்லை.

"இன்னிக்கு யாருய்யா சமைச்சது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்!" என்றார் மாஸ்டர், முந்நூறு பேருக்கும் கேட்கும்படி, நடுவில் ஒரு இருமல்கூட இல்லாமல்.