உருண்டைக்கு மாப்பிள்ளை தேடிய கதை

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்றரை வரை வேலை என்று ஒன்றும் கிடையாது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு ஈ ஓட்டலாம். மற்ற ஐந்து ஓட்டுநர்களும் வருடக்கணக்காக அதைத்தான் செய்து வந்தார்கள். நம் ஆள் மட்டும் பூச்சி பிடித்தாள்.

குள்ளம், குண்டு, குரல் மட்டும் வெண்கலம். வயது நாற்பத்தாறு. வண்டியில் வரும் வாண்டுகள் அவளுக்குப் 'பூச்சி ஆன்ட்டி' என்று பெயர் வைத்திருந்தன. முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவளும் "என்னடா செல்லம்" என்று திரும்பிப் பார்ப்பாள்.

எல்லாம் ஒரு எள்ளில் ஆரம்பித்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஸ்டீயரிங்கின் மேல் எள்ளளவில் ஒரு பச்சை உருண்டை உட்கார்ந்திருந்தது. ஊதிவிடப் போனவள், அதற்கு மீசை இருப்பதைக் கண்டு நிறுத்தினாள். வீட்டுக்காரர் தையல்காரர், ஊசியில் நூல் கோர்க்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். மறுநாளே அது காணாமல் போனது. இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடி, மூன்றாம் நாள் அவருக்கு உண்மை தெரிந்தது. அதற்குள் பள்ளி வேலிப் புதரில் அந்த உருண்டைகளின் குடும்பத்தையே அவள் கண்டுபிடித்துவிட்டாள். மொட்டு விடும் ஐந்து வாரம் மட்டும் வரும். மொட்டுக்குள் ஊசி போன்ற வாயைச் செருகிச் சாறு குடிக்கும். பூ உதிர்ந்ததும் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது.

படம் எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள். அங்கே பூச்சிப் பிரிவைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் இரண்டு மாதம் கழித்து ஃபோன் செய்தார்.

"இது செடிப்பூச்சி வகைம்மா. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம்."

"ஐயோ, சீ!"

"சீ சொல்லாதீங்க. இது புதுசா இருக்கும்போல. இதுவரைக்கும் யாருமே பேர் வைக்காததா இருக்கலாம்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை வழக்கமான திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டாள். பிள்ளைகள் கத்தித்தான் வண்டி வழிக்கு வந்தது.

அதிகாரி ஒரு உறிஞ்சுகுழலை அனுப்பி வைத்தார். சின்னக் குப்பி, அதில் இரண்டு ரப்பர்க் குழாய். ஒன்றைப் பூச்சியின் பக்கத்தில் வைத்து, மற்றதை வாயில் வைத்து உறிஞ்சினால் பூச்சி குப்பிக்குள் வந்து விழும். தொண்டைக்குள் போய்விடாமல் இருக்க நடுவில் வலைத்துணி உண்டு. அந்த வலை கிழிந்தபோதெல்லாம் வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே புதிதாகத் தைத்துக் கொடுத்தார். குழலோடு ஒரு கண்டிப்பான உத்தரவும் வந்திருந்தது: வேறு வேறு பூச்சிகளை ஒரே குப்பியில் கலக்கவே கூடாது. அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். உறிஞ்சியதும் மூடியைத் திறப்பாள். பச்சை உருண்டைகளை ஸ்பிரிட் குப்பியில் போடுவாள். மீதியை "போய்த் தொலை" என்று ஊதிவிடுவாள்.

மீதி என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கறுப்பாக, ஒல்லியாக, நீளச் சிறகோடு ஒரு பூச்சி. அதற்கு அவள் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. ஒரு நாளைக்கு எட்டுப் பத்தாவது வந்து மாட்டும்.

அனுப்பிய உருண்டைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு அதிகாரி சொன்னார்: "எல்லாமே பெண்ணும்மா. ஆண் வேணும். ஆணோட வால்பக்கத்துல ஒரு கொக்கி இருக்கும். அந்தக் கொக்கி வடிவத்தை வச்சுத்தான் இது வேற, அது வேறன்னு அடிச்சுச் சொல்ல முடியும். ஆண் இல்லாம எழுதினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"ஆண் எப்படி சார் இருக்கும்?"

"இதே மாதிரி பச்சையாத்தான். கொஞ்சம் சின்னதா இருக்கும்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது மாப்பிள்ளை தேடும் படலம். இரண்டு பருவம் முழுக்கச் சின்ன உருண்டை தேடினாள். கண்ணில் பட்ட சின்னதெல்லாம் குஞ்சாகவே இருந்தது. நாத்தனார் வீட்டுக்கு வந்து, "மூட்டைப்பூச்சியோட சொந்தத்துக்கு வரன் பாக்கறியாமே அண்ணி, ஜாதகம் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்; இவளுக்குத்தான் சுருக்கென்றது. ஆண் கிடைத்தால் உருண்டைக்கு உலகத்தில் ஒரு பெயர். கிடைக்காவிட்டால் மூன்று வருட வேலையும் விழலுக்கு இறைத்த நீர்.

மூன்றாம் பருவத்தின் கடைசி வாரம் வந்துவிட்டது. மொட்டுகள் வெடித்துப் பாதி உதிர்ந்தும்விட்டன. அன்று மின்சாரம் இல்லாததால் வீட்டு முன்னறையில் இருந்த தையல் கடைக்கு விடுமுறை. வீட்டுக்காரர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நேராக வேலிக்கே வந்துவிட்டார். இவள் எவ்வளவு குட்டையோ அவர் அவ்வளவு நெட்டை. குனியாமல் எந்த வாசலுக்குள்ளும் நுழைந்ததில்லை. சாப்பிட்டதும் சும்மா இருக்கப் பிடிக்காமல், இவள் கை எட்டாத மேல்கிளைகளை அவர் பார்க்க ஆரம்பித்தார். மணி மூன்று இருபத்திரண்டு. பள்ளி விட இன்னும் எட்டு நிமிடம்.

"இந்தா, இங்க பாரு. உன் உருண்டை மேல ஒரு ஒட்டடைக்குச்சி ஏறி உக்காந்திருக்கு."

"ஐயையோ, கடிச்சுத் தின்னுடப் போகுது! தட்டி விடுங்க!"

அவர் விரலை நீட்டினார். நீட்டிய விரல் அப்படியே நின்றது. முப்பது வருடம் தையல் பார்த்த கண் அது.

"தின்னுற மாதிரி தெரியலையே. வாய் ஒட்டலை. வால்பக்கம்தானே சேந்திருக்கு?"

அவள் வண்டியின் படிக்கட்டில் ஏறி, கிளையை வளைத்து, பூதக்கண்ணாடியை வைத்தாள். கறுப்பும் பச்சையும், ஒல்லியும் உருண்டையும், வாலோடு வால் சேர்த்துக்கொண்டு அசையாமல் இருந்தன.

"ஏங்க... இவன்தாங்க மாப்பிள்ளை! இவனேதான்!"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஆனால் அதற்கு இப்போது நேரம் இல்லை. குழலால் உறிஞ்சினால் இரண்டும் பிரிந்துவிடும். பிரிந்துவிட்டால் இவன்தான் ஆண் என்பதற்கு இவள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதிகாரியோ கண்ணால் பார்க்காததை நம்புகிறவர் அல்ல.

"கத்தரி இருக்கா?"

தையல்காரரின் சட்டைப்பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் இருக்கும். ஜோடி உட்கார்ந்திருந்த இலைக்கு அடியில் அவள் ஸ்பிரிட் குப்பியைத் திறந்து பிடித்தாள். அவசரத்தில் குப்பியின் விளிம்பு கிளையில் உரசியது. கறுப்பன் மீசையை ஒருமுறை ஆட்டினான்.

"பதறாத. துணி நழுவும்போது இழுக்கக் கூடாது, கூடவே போகணும்," என்றார் அவர். அவள் கையைத் தன் இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கையால் காம்பை நறுக்கினார். இலை அப்படியே குப்பிக்குள் விழுந்தது. மணி அடித்தது. இருவரும் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள். ஜோடி பிரியவில்லை.

வாசலுக்கு வண்டி நான்கு நிமிடம் தாமதமாக வந்தது. முன் இருக்கையில் ஒரு நெட்டை மனிதர் இரண்டு கையிலும் குப்பியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். காவலாளி ஓடி வந்தார்.

"என்னம்மா, என்னைக்கும் லேட்டாகாத வண்டி! வீட்ல ஏதாவது விசேஷமா?"

"கல்யாணம்ணே!"

"யாருக்கு?"

பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். வீடு போய்ச் சேரும்வரை அவள் பாடிக்கொண்டே ஓட்டினாள். கூடப் பாடிய பிள்ளைகளுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

குப்பியை அனுப்பிய பதினொன்றாம் நாள் ஃபோன் வந்தது. அதிகாரியின் குரலே உடைந்திருந்தது. "கொக்கி சார்... ச்சே, கொக்கிம்மா! கொக்கி மாதிரியே இல்ல, அரிவாள் மாதிரி இருக்கு! எந்தச் சொந்தத்துக்கும் இப்படி இல்ல. புதுசு. சத்தியமாப் புதுசு!" அவள் சமையலறையில் இருந்தபடியே குதித்தாள். பாத்திரம் உருண்ட சத்தத்தில் தையல் இயந்திரம் நின்றது.

அதன்பிறகு அதிகாரி எழுத உட்கார்ந்தார். ஒரு பூச்சிக்கு எழுத எத்தனை இருக்கிறது! மீசையின் நான்கு கணுவில் எது நீளம், கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே எத்தனை இடைவெளி, முழங்காலில் எத்தனை முள். பொருந்தாத ஜோடி என்று அர்த்தம் வரும்படி ஒரு பெயரையும் வைத்தார். அதைக் கேட்டு வீட்டுக்காரர், "நம்மளப் பத்தி அவர்கிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டார்.

அச்சுக்குப் போகும் முன் அதிகாரி முழுவதையும் புரிகிற மாதிரி ஃபோனில் படித்துக் காட்டினார். பிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. கேட்கக் கேட்கப் புல்லரித்தது. கடைசிப் பகுதிக்கு வந்தார்.

"ஆண் மிக அரிது. மூன்று பருவத் தேடலில், சேகரித்தவரின் விடாமுயற்சியால் ஒன்றே ஒன்று கிடைத்தது."

நடந்ததில் பாதியைத்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். ஊதிவிட்ட கதையை வெட்கத்தில் விழுங்கிவிட்டாள். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. விடாமுயற்சி என்று அச்சிலும் வந்துவிடும். ஆனால் நாளைக்கு எங்கோ ஒருவர் இதைப் படித்துவிட்டு, ஆண் கிடைப்பது அரிது என்று நம்பி, கையில் வந்த கறுப்பனை அவரும் ஊதிவிடுவாரே.

"சார், அது தப்பு."

"எது?"

"அரிதெல்லாம் இல்ல சார். தினமும் எட்டுப் பத்து வந்துச்சு. வேற பூச்சின்னு நெனச்சு நான்தான் ஊதி விட்டுட்டேன். மூணு வருஷமா. நானூறுக்குக் குறையாது."

தொலைந்தது, பெயரையே எடுத்துவிடப் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சின்னதா, பச்சையா இருக்கும்னு சொன்னது நான்தானேம்மா," என்றார் அவர் மெல்ல. பேனா காகிதத்தில் கிறீச்சிட்டது. "அரிதுங்கறதை அடிச்சாச்சு. ஆண்கள் ஏராளம். எப்படித் தெரியும்னு கேப்பாங்க. என்னன்னு எழுதட்டும்?"

"பிடிச்சவளே ஊதி விட்டான்னு எழுதுங்க சார்," என்றாள் அவள், தன் வெண்கலக் குரலில்.