குளவி மறித்த குணரெத்தினம்

காலை ஆறு மணிக்குப் பூமணியிடமிருந்து தொலைபேசி வந்தது. "அண்ணே, இவர் போயிட்டார்" என்றாள். குளவி கொட்டி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கிடந்து, அவள் கணவன், என் நண்பன் குணரெத்தினம் செத்துப்போனான். ஐம்பத்திரண்டு சாகிற வயதா? அவனை அறிந்தவர்களே, அந்தச் சாவில் எனக்கும் பங்குண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதிரவெளியில் போட் எஞ்சின் திருத்துகிறவன். தேனீப் பைத்தியம் எங்கள் இருவருக்கும் ஒன்றாகவே பிடித்தது. கடையில் எதையும் வாங்க மாட்டான். எறும்பு ஏறாமலிருக்கத் தேனீப் பெட்டிக் கால்களுக்கு மீன் டின்னில் கழிவு எண்ணெய் வைப்பான். குளவிக்குப் பொறியாகத் தண்ணீர்ப் போத்தலை வெட்டி, வாயை உள்ளே கவிழ்த்து, புளித்த கள்ளு ஊற்றிக் கட்டுவான். "தேனீ நல்ல குடும்பத்துப் புள்ள மச்சான், கள்ளுப் பக்கம் போகாது. குளவிதான் நம்மட ஆக்கள்" என்பான்.

வாய் பொல்லாதது. ஒருமுறை எறும்புக்கு மருந்துத் தூள் போட்டு, ஒரு பெட்டித் தேனீயையும் நான் கொன்றுவிட்டேன். ஊரே கேட்கக் கத்தினான். "கொல்லச் சொன்ன ஆருகா? ஏறவிடாம மறிச்சாக் காணும்!" மறுநாளே தன் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பாதித் தேனீக்களைக் கொண்டுவந்து வைத்தான். ஆனால் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

அந்த வாய்க்குப் பயந்ததுதான் என் பிழை. தொப்பியில் நுளம்பு வலையைத் தைத்து அவன் செய்த முகமூடி ஒன்றுதான் எங்கள் இருவருக்கும். போன மாதம் அதை இரவல் வாங்கி, இலந்தை முள்ளில் மாட்டிப் பிடரிப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துவிட்டேன். கிழிசல் தெரியாமல் மடித்துக் கொடுத்தேன். சொல்லவில்லை. பேரப்பிள்ளை கண்ட மனிசன், ஏச்சுக்குப் பயந்தேன். தூ!

அடுத்த கிழமை, நடு மத்தியானம், அவன் தந்த தேனீ இருந்த என் பெட்டி வாசலில் குளவிகள் மொய்த்தன. அவனைக் கூப்பிட்டேன். பழைய அரிதட்டுக் கம்பி வலையில் வெட்டிய வாசல் மறிப்போடு வந்தான். அதற்குள்ளால் தேனீ நுழையும், குளவி நுழையாது. "இருட்டட்டும் மச்சான்" என்றேன். "இருட்டுறதுக்குள்ள பெட்டியில ஒண்டும் மிஞ்சாது" என்று முகமூடியைப் போட்டான். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. அவன் ஆணி அடிக்கத் தொடங்கியதும் குளவிகள் கிழிசல் வழியே புகுந்தன. நான்கு மூலையும் அடித்து முடித்துத்தான் ஓடிவந்து விழுந்தான்.

எட்டாம் நாள் சடங்கன்று பொறுக்க முடியாமல் பூமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை.

"தெரியும் அண்ணே. வெளிக்கிடக்குள்ள நான்தான் கிழிசலக் கண்டன். இரிங்க, தைச்சித் தாறன் எண்டன். 'ஊசி நூல் தேட நேரமில்ல, அவன்ட பெட்டி போயிரும்' எண்டு போனவர்." பிறகு, "நீங்க கொண்டுவந்து தந்த அண்டைக்கே சொல்லியிருந்தா, அண்டைக்கே தைச்சிருப்பன்" என்றாள்.

அந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது. அவனிடமிருந்து என்னிடம் எஞ்சியது அது ஒன்றுதான். இப்போது தேன் நிறைந்து கனக்கிறது. எடுக்க எனக்குக் கை போகவில்லை.