காணிக்கை முடி

ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, வீட்டுக்கு வந்ததும் பூஜை அலமாரிக் கண்ணாடியைக் குத்தி உடைத்தேன். கையில் நாலு தையல். கோபம் எனக்குப் பிறவிக் குணம். அந்த மாதங்களில் யாரைப் பார்த்தாலும் கை ஓங்கத்தான் தோன்றியது; லிஃப்டில் "எல்லாம் சரியாயிடும்" என்று ஆறுதல் சொன்ன மாடிவீட்டுக்காரரைக்கூட. சாமியை மட்டும் அடிக்க முடியவில்லை. அவரிடம் பேரம் பேசினேன். பிள்ளை பிழைத்தால் அவள் முடியைத் திருச்செந்தூருக்குத் தருவதாக நேர்ந்துகொண்டேன்.

முதல் கீமோ முடிந்து, வங்காளத்தில் நாங்கள் குடியிருந்த லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், அவள் தலையணை முழுக்க முடி. மருந்து ஏறினால் கொட்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தானாகக் கொட்டினதை எந்த முகத்தோடு சாமிக்குக் கொடுப்பது? இருக்கிற முடியை இங்கேயே மழித்து, மஞ்சள் துணியில் முடிந்துவைத்து, பிறகு கொண்டுபோய்ச் செலுத்தலாம் என்று முடிவெடுத்தேன்.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்," என்றாள் மனைவி.

"சாமி காரியத்துக்கு அவன்ட்ட என்ன பர்மிஷன்? ஒன் சோலியப் பாரு."

பக்கத்து டாலிகஞ்சில் மரத்தடியில் நாற்காலி போட்டு முடிவெட்டுகிறவரை அழைத்து வந்தேன். பத்து வருடமாக எனக்கு வெட்டுகிறவர். மகள் அவரைக் காகு என்பாள், வங்காளத்தில் சித்தப்பா. பிள்ளையின் வெளுத்த முகத்தைப் பார்த்ததும் அவர் தயங்கினார். "கத்தி வேண்டாம் அண்ணா, மெஷினில் ஒட்ட வெட்டிவிடுகிறேன்," என்றார் வங்காளத்தில். மொட்டை என்றால் கத்திதான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

காதுக்கு மேலே ஒரு கீறல். கடுகளவுதான். படிகாரம் வைத்து அழுத்தினார். நிற்கவில்லை. ரத்தம் கழுத்தில் இறங்கிக் கவுனை நனைத்தது. ஒரு துண்டு நனைந்து இரண்டாவது துண்டும் சிவந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவரை ஓங்கி அறைந்தேன். விழுந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தேன். உதடு கிழிந்தது. அந்த மனுஷன் கையைக்கூடத் தூக்கவில்லை.

"பாவி! புள்ள சாகுது, அவர என்னத்துக்குப் போட்டு அடிக்க?" தண்ணீர்ச் சொம்பாலேயே என் முதுகில் போட்டாள் மனைவி. உதட்டில் ரத்தத்தோடு தெருவுக்கு ஓடி டாக்ஸியை மறித்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால், மருந்தால் பிளேட்லெட் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அது குறைந்தால் ரத்தம் உறையாதாம். கூர்மையான எதுவும் படக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பும்போதே தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் படிக்கவேயில்லை. "கத்தி வைக்கச் சொன்னது யார்?" என்று நர்ஸ் கத்தினாள். பிளேட்லெட் ஏற்றி, சாயங்காலம்தான் ரத்தம் நின்றது. பிள்ளை பிழைத்தாள்.

கண் விழித்ததும் மெல்லக் கேட்டாள். "காகுவ ஏம்ப்பா அடிச்சே? அவருதான் கத்தி வேணாம்னாரே?"

என்னைவிட அவளுக்கு வங்காளம் நன்றாகத் தெரியும். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"போய் ஸாரி சொல்லு," என்றாள்.

மறுநாள் காலை டாலிகஞ்ச் போனேன். அவர் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தார். உதடு வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "குழந்தை எப்படி இருக்கு?" என்றார்.

கும்பிடலாம் என்று இரண்டு கையையும் தூக்கினேன். அவர் சட்டென்று குனிந்து, முகத்தை மறைத்துக்கொண்டார்.