மழையில் இறங்கிய தண்ணீர்

பேய், பிசாசு என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தால் அல்ல, நம்பிக்கை இல்லாததால். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தேன், என்றாலும் கண்ணால் பார்க்காததை ஒத்துக்கொள்ளாத புத்தி எப்படியோ வந்துவிட்டது. அதனால் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

அரிசியைக் கூப்பனுக்குக் கொடுத்த காலம் அது. அப்புத்தளையிலிருந்து பெரகலப் பக்கம் இறங்குகிற சரிவில் எங்கள் தோட்டம். ஓடைத் தண்ணீரைக் குடித்துக் கீழ் லயத்தில் பலபேர் வயிற்றுப்போக்கில் விழுந்ததும், தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற ஐயா ஓடையில் கோடு போட்ட ஒரு கம்பை நட்டார். தினமும் யாராவது போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, என்ன நிறம், என்ன வாடை என்று பார்த்துச் சொல்லவேண்டும் என்றார். சம்பளம் கிடையாது என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். நாலு பேரோடு பேசாமல் செய்யக்கூடிய வேலை வேறு எங்கே கிடைக்கும்?

சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த முத்தாயி அக்கா விடவில்லை. "அடேயப்பா, ஓடைக்கும் கங்காணி வந்தாச்சு! மீனெல்லாம் வேலைக்கு வந்துச்சுன்னு பேரு போடுவீங்களோ?"

நல்ல நாட்கள் அவை. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பிடிப்பேன், முகர்ந்து பார்ப்பேன், கீழே லயத்துக் கூரைகளிலிருந்து புகை எழும்பும், யார் வீட்டிலோ கருவாடு சுடுகிற வாசம் மலையேறி வரும். இப்போது நினைத்தாலும் மனது அங்கேயே போய் நின்றுகொள்கிறது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. என் மனைவி செல்லம்மா எங்கள் முதல் பிள்ளையைப் பெற்றுப் படுத்திருந்தாள், முப்பது நாள் தீட்டுக் கழியவில்லை, அதனால் நிலைப்படி தாண்டமாட்டாள். ஒரு நாள் மத்தியானம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடைக்குப் போனேன். தண்ணீர் முந்திய நாளைவிடக் கீழே நின்றது. ஏறினால் ஓடிவந்து சொல்லு என்று ஐயா சொல்லியிருந்தார், இறங்கினால் என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. கோப்பையில் அள்ளினேன். செம்மண் குழம்பு, அப்போதுதான் பிடுங்கிய வேரின் பச்சை வாடை. அப்புறம்தான் உறைத்தது, இத்தனை மழையில் தண்ணீர் எங்கே போனது? மேலே எங்கோ மண் சரிந்து மறித்திருக்கிறது. அது உடைந்தால் முதலில் போவது நாங்கள் குடியிருந்த கீழ் லயம்.

ஓடினேன். மூடுபனியில் தேயிலைச் செடிகளுக்குள் தடுக்கி விழுந்தேன், கணுக்கால் பிசகியது. கத்திப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து சத்தம் போடாத தொண்டை, காற்றுதான் வந்தது. நொண்டி நொண்டி லயத்துக்கு வந்து சேர்ந்தால், நம்புங்கள் நம்பாமல் போங்கள், ஒரு ஆள் இல்லை. கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, எங்கள் அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, தொட்டிலில் பிள்ளை இல்லை, செல்லம்மா இல்லை.

மேலே மாரியம்மன் கோயில் மேட்டிலிருந்து முத்தாயி அக்கா கூப்பாடு போட்டாள். "யோவ், எங்கள எல்லாம் வெரட்டிட்டு நீ ஏன்யா திரும்ப உள்ள போற? ஏறி வா!"

நான் மேட்டில் ஏறியதும் ஓடை வந்தது. கல்லும் மரமுமாக வந்து லயத்தின் பாதியை, எங்கள் காம்பராவையும் சேர்த்து, வாரிக்கொண்டு போனது. ஒரு உயிருக்கும் சேதமில்லை.

"இந்தக் கொரல இத்தன நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த? மலையே அதிருச்சு," என்றாள் முத்தாயி அக்கா.

"நான் இப்பத்தான்க்கா வாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. "என்னங்க இப்படிச் சொல்றீங்க? முப்பது கழியலன்னு நான் தயங்கினப்ப, புள்ளைய நீங்கதானே வாங்கிட்டு முன்னால நடந்தீங்க? 'கோமளத்த நான் தூக்கிக்கிறேன், நீ பின்னால வா'ன்னு சொன்னீங்களே."

கோமளம் என்று எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒருவரும் இல்லை, அந்தத் தோட்டத்திலேயே இல்லை. ஆனாலும் அப்பன் வாயில் வந்த பெயர் என்று முப்பதாம் நாள் அதையே வைத்தார்கள். அத்தனை பேர் முன்னால் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

மகள் இப்போது மொனராகலையில் குடித்தனம் செய்கிறாள். அவளை அந்தப் பெயர் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, நாக்கு வராது, பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். போன தீபாவளிக்கு வந்தவள், தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏம்ப்பா, நான் சின்னதுல ஓடைப்பக்கம் நின்னு கோமளம், கோமளம்னு கூப்பிடுவீங்களே, இப்ப ஏன் கூப்பிடுறதில்ல?"