மூக்கு டெஸ்ட்

மைசூரில் நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊதுபத்தி யூனிட்டில், புதிதாகச் சேருகிறவர் யாரும் மூக்கு டெஸ்ட்டிலிருந்து தப்பியதில்லை. எனக்கு அது முதல் நாளே நடந்தது. சென்ட்டில் முக்காத ரா பத்தியைக் கொடுத்து, என்ன வாசனை என்று கேட்பார்கள். பேக்கிங் ஹால் முழுக்க வாசனை நிற்பதால், புதியவர் ஏதாவது ஒரு பூவின் பெயரைச் சொல்லிவிடுவார். நான் ரோஜா என்றேன். ஹாலே சிரித்தது. கூச்சத்தில் அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து என்னைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

சீனியர் ஆனதும் டெஸ்ட் என் கைக்கு வந்தது. நான் அதிகம் பேசாதவள்; அப்படிப்பட்டவள் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். இரண்டு ரா பத்தி, மூன்றாவதாக நல்ல சந்தனப் பத்தி. அதைச் சரியாகச் சொன்னதும் கைதட்டல், டீ. அதோடு முடியும்.

சரோஜா தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ராமாபுரத்திலிருந்து வந்தவர். என் வயதுதான் இருக்கும். தப்பாகச் சொன்னால் வீட்டுக்குத்தான் என்று பக்கத்து டேபிளில் ஒருத்தி வழக்கம்போல் மிரட்டினாள். முதல் பத்திக்கு மல்லிகை என்றார் சரோஜா. இரண்டாவதற்குத் தாழம்பூ. சிரித்து முடித்து, இரண்டும் வெறும் ரா பத்தி என்று உண்மையை உடைத்துவிட்டு, சந்தனத்தை நீட்டினேன். கிட்டே பிடித்தாலே கண் கரிக்கும் பத்தி அது.

"இதுலயும் ஒண்ணும் இல்லீங்க."

பதிலுக்கு எங்களைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து ஹால் இன்னும் பலமாகச் சிரித்தது. நான் அவர் கையைப் பார்த்தேன். பத்தி நடுங்கியது.

டீ நேரத்தில் குழாயடியில் விசாரித்தேன்.

"காய்ச்சல் வந்து போனதுல இருந்து மூக்குக்கு ஒண்ணுமே தெரியறதில்லீங்கக்கா. அனுப்பீருவாங்களா?"

மிரட்டல் விளையாட்டுதான். ஆனால் ரோஜாப் பத்தியைச் சந்தனக் கவரில் போட்டுவிட்டால் நிஜமாகவே அனுப்பிவிடுவார்கள். சூப்பர்வைசர் மேடத்திடம் நானாகப் போய்ப் பேசியதே இல்லை. அன்று போனேன்.

"கலந்துட்டா யாரம்மா பொறுப்பு?"

"ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு கலர் நூல்ல கட்டு கட்டிடலாம் மேடம். அவங்க என் டேபிள்லயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

'விடு' என்பதை மேடம் கன்னடத்தில்தான் சொல்வார். "சரி பிடு. மூக்கா பாக்கெட் போடுது?"

இன்று எல்லா டேபிளிலும் கலர் நூல்தான். சாயங்காலமானால் எங்கள் எல்லோர் மூக்கும் மரத்துப்போய்விடும் என்பதை அதுவரை யாரும் வெளியே சொன்னதில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களை ஏய்க்கக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தாராளமாக விளையாடுங்கள். வேலை போய்விடும் என்ற மிரட்டலை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். சிரிக்கும்போது, மாட்டிக்கொண்டவரின் கையையும் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது டெஸ்ட் வைப்பவர் சரோஜாதான். போன வாரம் சேர்ந்த பெண் கெட்டிக்காரி. ரா பத்தியைத் திருப்பி நீட்டி, நீங்களே சொல்லுங்கள் என்றாள். சரோஜா கண்ணை மூடி, நிதானமாக இழுத்து முகர்ந்தார்.

"சொல்லிக்குடுத்தாத் தெரியாது கண்ணு. அனுபவத்துல வரோணும்."