அந்தோணி அண்ணனின் மூணு நிமிஷ மெஷின்

ஞாயிறு. காலை ஆறு பத்து. ஒன்பது மிஸ்டு கால், எல்லாம் பிலோமினா அக்கா நம்பர்.

மைக்செட் அந்தோணி அண்ணன் போயிட்டார். தூக்கத்துலயே. ஹார்ட் அட்டாக்.

பிலோமினா அக்கா அவர் மனைவி. எங்க திருவிடைமருதூர் சுத்துவட்டாரத்துல காதுகுத்து, சர்ச் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அண்ணன் ஆம்ப்ளிஃபயர்தான். ரெண்டு கட்சிக்கும் அதே கூம்பு ஸ்பீக்கர். கொடியை மட்டும் மாத்திக் கட்டுவார்.

எனக்கு சுத்தி வளைச்சு எழுத வராது. ஒரே ஒரு போர்டு கதை சொல்றேன்.

அப்ப நான் இஞ்சினியரிங் முடிச்சுட்டு வேலை இல்லாம வீட்ல இருந்தேன். யூட்யூப் பாத்து வீட்லயே சர்க்யூட் போர்டு பண்ணக் கத்துக்கிட்டிருந்த நேரம்.

அதே சமயம்தான் எரிவாயுக் குழாய் பிரச்சினை. வயல் நடுவால குழாய் போகும்னு மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லை நட்டுட்டுப் போயிட்டாங்க. வாராவாரம் கண்டனக் கூட்டம். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் போலீஸ் பர்மிஷன்.

கூட்டத்துல தலைவருங்க பேசுவாங்க... பேசுவாங்க... பேசிக்கிட்டே இருப்பாங்க.

வேம்பு அக்காவுக்குக் கல்லு விழுந்தது நாத்தங்கால் நடுவுல. நடவு வேலைக்குப் போய்க் காசு சேத்து வாங்கின அரை ஏக்கர், வேற நிலம் கிடையாது. பேசறதுக்குப் பேர் கொடுத்துட்டு மேடைக்குக் கீழ நிப்பாங்க. அவங்க முறை வர்றப்ப மணி ஆறு. நாலு வாரம் இதே கதை.

ஒரு நாள் அண்ணன் மொபெட்டை எங்க வாசல்ல நிறுத்தினார்.

"ஏம்ப்பா இஞ்சினியரு, மூணு நிமிஷம் ஆனா மைக் தானா கட் ஆகணும். முடியுமா?"

"நீங்களே வால்யூமைக் குறைக்கலாமேண்ணே."

"நான் குறைச்சா அடுத்த ஆர்டர் போயிடும். மெஷின் குறைச்சா யாரைத் திட்டுவாங்க?"

லாஜிக் கரெக்ட். ஒத்துக்கிட்டேன்.

நேரம் எண்ண ஒரு டைமர் ஐ.சி., மைக்கை கட் பண்ண ஒரு ரிலே, ஸ்டார்ட் பட்டன், நேரம் முடியப் போகுதுன்னு சொல்ல ஒரு சிவப்பு லைட். ரீசெட் பட்டன் அண்ணன் கேட்டு வாங்கினது. அழுத்தினா மறுபடி முதல்லேர்ந்து மூணு நிமிஷம் ஓடும். அது தேவையே இல்லன்னு சண்டை போட்டேன்.

தெரியாதவங்களுக்கு: டிசைனை வழவழப்பான பேப்பர்ல லேசர் பிரிண்ட் எடுத்து, தாமிரத் தகட்டு மேல கவுத்து, அயர்ன் பாக்ஸால தேய்க்கணும். மை தகட்டுல ஒட்டிக்கும். ஃபெரிக் குளோரைடுல போட்டா மை இல்லாத இடத்துத் தாமிரம் கரைஞ்சுடும். மிச்சம் கோடு கோடா நிக்கறதுதான் சர்க்யூட்.

வழவழப்பான பேப்பருக்கு அண்ணன்கிட்ட பஞ்சமே இல்ல. கட்சி நோட்டீஸ், பின்பக்கம் வெள்ளை. தேய்ச்சு முடிச்சுத் தண்ணில ஊற வெச்சு உரிச்சா தலைவர் மீசைதான் முதல்ல உரிஞ்சு வரும். அதைப் பாக்கறதுக்குன்னே உக்காந்திருப்பார் மனுஷன்.

அயர்ன் பாக்ஸ் பிலோமினா அக்காவோடது. எவர்சில்வர் தட்டும் அவங்களோடதுதான். ஃபெரிக் குளோரைடு எவர்சில்வரையும் அரிக்கும்னு அன்னிக்குத்தான் மூணு பேருக்கும் தெரிஞ்சது... அண்ணன் அந்த ராத்திரி வாழை இலையில சாப்பிட்டார்.

போர்டு இடம் வலம் மாறி வந்துச்சு. பிரிண்ட்ல மிரர் ஆப்ஷனைத் தப்பா டிக் பண்ணிட்டேன். திரும்பப் பண்ணப் பொறுமை இல்ல. ஐ.சி.யை மல்லாத்தி, காலை எதிர்ப்பக்கம் மடக்கி சால்டர் பண்ணேன்.

"என்னப்பா, செத்த கரப்பான் மாதிரி கெடக்கு?"

"ஓடும்ணே."

ஓடுச்சு.

அடுத்த கூட்டம். ஒரு மாவட்டப் பொறுப்பாளர் அப்பத்தான் சங்க காலத்தை முடிச்சு சோழர் காலத்துக்கு வந்தார். டக்னு கட். மைக்கைத் தட்டினார். ஊதினார்.

"என்னய்யா அந்தோணி?"

"மெஷின் அப்படிங்கய்யா. இந்தத் தம்பி பண்ணது. எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

மொத்தக் கூட்டமும் என்னைப் பாக்குது. இவர் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி குனிஞ்சு, தோள் குலுங்கச் சிரிச்சுக்கிட்டிருக்கார்.

வேம்பு அக்கா மேடை ஏறினப்ப இன்னும் அரை மணி நேரம் மிச்சம்.

"மஞ்சக் கல்லைக் காணும்னு தேடுறாங்களாம். நான்தான் பிடுங்கினேன். வாய்க்கால்ல போட்டுத் துணி தொவைக்கிறேன். நல்ல கல்லு. வேணும்னா வந்து கேக்கச் சொல்லுங்க, சோப்பை அலசிட்டுத் தர்றேன்."

குறிப்பு எடுத்துக்கிட்டிருந்த போலீஸ்காரரே பேனாவை மூடிட்டுச் சிரிச்சார்.

சிவப்பு லைட் எரிஞ்சுது. அண்ணன் ரீசெட் அழுத்தினார். மறுபடி எரிஞ்சுது. மறுபடி ரீசெட்.

"அண்ணே, ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே?"

"நாலு வாரமா அவங்க பேசாத நிமிஷமெல்லாம் யாருகிட்ட இருக்கு? அதைத்தான் திருப்பித் தர்றேன். நீ லைட்டைப் பாரு."

ஆறு மணி வரைக்கும் பேசினாங்க. வழக்கு இன்னும் கோர்ட்ல. குழாய் இன்னும் அந்த வயலுக்கு வரல.

அப்புறம் கல்யாண வாழ்த்துரைக்கே "அந்தக் கட் மெஷினோட வாங்க"ன்னு அண்ணனுக்கு ஆர்டர் வர ஆரம்பிச்சது. கேக்கற இடத்துலயெல்லாம் என் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்குவார்.

இப்ப எனக்கு வேலை ஓசூர்ல. இன்னிக்குக் காலைல அங்கேர்ந்து திரும்பக் கூப்பிட்டேன். பிலோமினா அக்கா சொன்னாங்க:

"நாளைக்கு சாயங்காலம் அடக்கம்ப்பா. தலைவருங்க வந்து பேசணுமாம். அவரு செட்டு இருக்கறப்ப வேற மைக்செட் உள்ள வரக் கூடாது. ஆனா உன் மெஷின் ரெண்டு வாரமா மக்கர் பண்ணுதுன்னாரு... என் அயர்ன் பாக்ஸ் அப்படியேதான் இருக்கு, வா."

அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க. கடைசில ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

நல்லபடியாப் போங்கண்ணே. இங்க சவுண்டை நாங்க பாத்துக்கறோம்.

இனி செய்ய வேண்டியது:

1. பத்தரை பஸ். நாளைக்கு லீவு... கேக்கல, சொல்லிட்டேன்.

2. ரிலே போயிருந்தா மாத்தணும். போர்டே போயிருந்தா அங்கயே புதுசு. தாமிரத் தகடு பையில இருக்கு.

3. பேசறது அமைச்சரா இருந்தாலும் மூணு நிமிஷம்.

4. ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல வேம்பு அக்காவை உக்கார வைக்கணும். ரீசெட் அழுத்தறதும் அழுத்தாததும் அவங்க இஷ்டம்.