மூன்றாம் நாள் பெஞ்சு

போன வாரம் வேப்பம் புண்ணாக்கு வாங்கப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் உரக்கடைக்குப் போயிருந்தேன். உள்ளே கால் வைத்ததும் பூச்சிமருந்து வாடை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அந்த வாடை வயலை நினைவூட்டும். எனக்குப் பங்குச்சந்தை ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். அந்தக் கடையின் மாடியில்தான் ஒரு காலத்தில் எங்கள் பங்குத் தரகு ஆபீஸ் இருந்தது. அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான் ஏழு வருஷம் வாங்கினேன், விற்றேன், முக்கால்வாசி தோற்றேன்.

அப்போது ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் எனக்கு வேலை. பெரும்பாலும் மதிய ஷிப்டு. காலையில் வாங்கியதைப் பன்னிரண்டு மணிக்குள் விற்றுவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். நான் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் விலை ஏறும். அது என்ன கணக்கோ, இன்று வரை எனக்குப் புரியவில்லை.

மாடி அறையில் இரண்டு கம்ப்யூட்டர், பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் மட்டும் தாராளமாகக் கொடுக்கும் ஒரு மின்விசிறி. கம்ப்யூட்டர் முன்னால் கவிதா உட்கார்ந்திருப்பார். எதை வாங்கச் சொல்கிறோமோ அதைத் தட்டுவது அவர் வேலை. வாய் திறந்து சொன்னால்தான் வாங்க முடியும் என்பதால், நம் புத்திசாலித்தனமும் முட்டாள்தனமும் பத்துப் பேர் காதில் விழுந்த பிறகுதான் சந்தைக்கே போகும்.

அந்த அறையில் யாரும் லாபமா நஷ்டமா என்று கேட்கமாட்டார்கள். "எத்தனாவது?" என்றுதான் கேட்பார்கள். தொடர்ந்து எத்தனாவது நாளாகத் தோற்கிறாய் என்று அர்த்தம். "ரெண்டாவதுங்க" என்றால் சும்மா விட்டுவிடுவார்கள். "மூணாவது" என்று சொல்லிவிட்டால் போச்சு, "கரையேறுங்க சார்" என்று மூலையைக் காட்டுவார்கள். மூலையில் மூடிப்போன டீக்கடையிலிருந்து வந்த பெஞ்சு ஒன்று கிடந்தது. அதற்குப் பெயர் கரை. ஒரு கால் குட்டை. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைத்த, நத்தை பதிந்த கல் ஒன்றை யாரோ அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். மூன்று நாள் தோற்றவன் அதில் இரண்டு நாள் உட்கார வேண்டும். திரையைப் பார்க்கலாம், டீ குடிக்கலாம், கவிதாவிடம் மட்டும் பேசக்கூடாது.

சட்டம் போட்டவர் சோளம் அண்ணன். வாலிகண்டபுரத்துக்காரர், மக்காச்சோள வியாபாரி. சோளம் லோடு ஏற்றும் நாள்களில் மட்டும் வரமாட்டார். மற்ற நாளெல்லாம் கரைக்குக் காவல் அவர்தான். யாராவது முணுமுணுத்தால், "மானம் பொய்ச்சா வெதைய வூட்டுல வெக்கணும்யா. கோவத்துல கொண்டுபோயிப் புழுதியில கொட்டக் கூடாது" என்பார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சென்றால் உயிர். நானும் பதிலுக்கு "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்று எடுத்துவிடுவேன். சொல்வதில் எனக்குக் குறையே இருந்ததில்லை.

அந்த வருஷம் ஆண்டிமடத்திலிருந்து என் அக்கா வந்து, முந்திரி விற்ற பணத்தை என்னிடம் கொடுத்தாள். "சித்திரையில போர் போடணும். அதுவரைக்கும் ஒங்கிட்ட இருக்கட்டுண்டா. ஏங்கிட்ட இருந்தா ஒங்க மாமா யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவாரு" என்றாள். மாமாவிடமிருந்து தப்பிய பணம் என் கணக்கில் வந்து விழுந்தது.

பங்குனியில் தொடர்ந்து தோற்றேன். முதல் இரண்டு நாளில் என் காசு தீர்ந்தது. மூன்றாம் நாள் அக்காவின் பணத்தில் ஒரு விள்ளல் போனது. "எத்தனாவது?" என்றார் சோளம் அண்ணன். "மூணாவதுங்க." கரையேறினேன்.

கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் சந்தை தனியாக ஆசை காட்டும். நான் கண் வைத்திருந்த இரும்புக் கம்பெனிப் பங்கு கண்ணெதிரே ஏறிக்கொண்டே போனது. விட்டதை ஒரே நாளில் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. அக்காவின் மீதிப் பணம் முழுவதையும் போட்டால் போதும். மறுநாளும் கரைதான். பெரம்பலூரில் வாய் திறக்க முடியாது. ஆனால் எங்கள் தரகுக் கம்பெனிக்கு அரியலூரில் ஒரு கிளை இருந்தது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பெஞ்சிலிருந்து தப்பிக்க ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன்.

ரயிலடிப் பக்கத்து மாடி அது. உள்ளே நுழைந்தால், சுவரோரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், சோளம் அண்ணன்.

"அண்ணே, நீங்களா?"

திரும்பிப் பார்த்தார். "நீ எங்கப்பா இங்க?"

"ஷிப்டுக்குப் போற வழிங்க."

"ஷிப்டு மதியந்தானே?"

"நீங்க லோடு ஏத்தப் போவலியாண்ணே?"

அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "எத்தனாவதுண்ணே?"

துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அஞ்சாவது. லோடுன்னு சொல்லிட்டு வந்து வாங்குறது பூரா இங்கதான். அங்க வந்து சும்மா ஒக்காந்துட்டுப் போறேன்."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், "சார், என்ன வாங்கணும், சொல்லுங்க" என்றார்.

"எந்திரிங்கண்ணே" என்றேன்.

"நீ மொதல்ல எந்திரி."

"நான் இன்னும் ஒக்காரவே இல்லண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தார். கீழே ஆளுக்கொரு டீ குடித்தோம். "அங்க யாருக்கிட்டயும் சொல்லாத." "நீங்களும் சொல்லாதீங்கண்ணே." அவர் பெரம்பலூர் பஸ்ஸிலும் நான் ஆலத்தியூர் பஸ்ஸிலும் ஏறினோம்.

அன்று அந்தப் பங்கு இறங்கித் தொலைந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். இறங்கவில்லை, ஏறியது.

மறுநாள் காலை பெரம்பலூரில் அவர் மாடியேறி வந்தார். "வாங்கண்ணே" என்றார்கள். வழக்கமான நாற்காலிக்குப் போகவில்லை. யாரும் கேட்காமலே "அஞ்சாவது" என்று சொல்லிவிட்டு, நேராக வந்து கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் இரண்டு நாள் முடிந்திருந்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. கவிதா திரும்பாமலே சொன்னார்: "ரெண்டு பேரு பாரம் தாங்காதுண்ணே, அந்தக் கால் ஆடும். பாத்து."

குறைந்ததை ஓவர்டைம் பார்த்து நிரப்பி, சித்திரையில் அக்காவிடம் பணத்தைக் கொடுத்தேன். போர் வண்டி வந்தது. நாள் முழுக்க இறக்கியும் வெறும் புழுதி. மாமா உடனே பக்கத்திலேயே இன்னொரு பாயிண்ட் போட்டுப் பார்த்துவிடலாம் என்று குதித்தார். புழுதியில் வெளுத்த முகத்தோடு அக்கா, "இந்த வருசம் வேணாம். வண்டிய அனுப்புங்க" என்றாள். என்னைப் பார்த்து, "மண்ணுக்குள்ளதாண்டா போச்சு, வேற எங்க போச்சு. வா, சோறு திங்கலாம்" என்றாள். கரை என்ற ஒன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை. சந்தையைப் பற்றி நான் கற்றது கொஞ்சம்தான். அதில் பாதி அன்றைக்குச் சாப்பிட்ட சோற்றில் கற்றது.

பிறகு எல்லாரும் போனிலேயே வாங்கி விற்கத் தொடங்கினார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, ஒருநாள் ஆபீஸையே மூடிவிட்டார்கள். சோளம் அண்ணன் திருப்பூருக்கு மகனிடம் போய்விட்டார். பெஞ்சை விறகுக்கு விற்றபோது அந்த நத்தைக் கல்லை நான் எடுத்துக்கொண்டேன்.

புண்ணாக்கோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். மாடியில் இப்போது தையல் வகுப்பு நடக்கிறது.

இன்றும் கொஞ்சம் வாங்கி விற்கிறேன். என் போன் உள்ளே விட விரல் ரேகை கேட்கிறது, வேறு எதுவும் கேட்பதில்லை. தொடர்ந்து மூன்று நாள் தோற்றால், போனைக் குப்புறப் போட்டு அதன்மேல் அந்தக் கல்லைத் தூக்கி வைத்துவிடுவேன். இரண்டு நாள் அப்படியே கிடக்கும். கல்லுக்குப் பாரம் உண்டு, வாய் கிடையாது. மூன்றாவது என்பதை நானேதான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில மாதங்களில் மூன்றாவதையும் இரண்டாவது என்று சொல்லிக்கொள்கிறேன்.